துப்பாக்கியைத் தின்ற உப்பு

சியால்தாவிலிருந்து ராணாகாட் நோக்கிச் செல்லும் மின்சார வண்டியில் நம்மவருள் பலர் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். டம்டம், பாரக்பூர், பல்தா, இச்சாப்பூர் என்னும் நிலையப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு நம் செவிகள் மரத்துப் போயின. நாம் இறங்க வேண்டிய இடம் வந்ததா என்பதைத் தவிர அப்பெயர்களில் நமக்கு வேறு அக்கறை கிடையாது. ஆயினும் இந்நாட்டில் துப்பாக்கி நடந்து வந்த வழியை அறிய விரும்புவோனுக்கு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான இந்த இருப்புப் பாதையைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை என்பேன். வெடிமருந்து பிறந்த இடம் ஒரு நிலையம். தோட்டா பிறந்த இடம் மற்றொன்று. அத்தோட்டாவினால் கலகம் மூண்ட இடம் இன்னொன்று.

போர்களின் வரலாற்றை எழுத நான் முற்படவில்லை. அதனை எழுதப் புலவர் பலர் உளர். துப்பாக்கிக் குழலில் ஏறிய துருவின் வரலாற்றையே எழுதுகிறேன். துருவுக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நகைப்பவர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகத்துச் சேனைகளிலெல்லாம் எத்தனையோ சிப்பாய்கள் தாங்கள் செய்யாத குற்றத்துக்காகத் தண்டனை பெற்றனர். அவர்களுள் என் தாய்வழிப் பாட்டனாரும் ஒருவர்.

அவர் 1943ஆம் ஆண்டு சேனையில் சேர்ந்தவர். பயிற்சி முகாமில் ஒருநாள் இலக்குச் சுடுதல் நடந்தது. மாலையில் நல்ல மழை. கூடாரத்துக்குத் திரும்பியதும் அவர் தம் துப்பாக்கிக் குழலைத் துணியிட்டு இழுத்துத் துடைத்து, கண்ணாடிபோல் மின்னக் கண்டு, எண்ணெயும் பூசி வைத்துவிட்டு உறங்கினார். ‘நேரமாயிற்று, எண்ணெய் போட்டால் போதும்’ என்று அவருடைய அவில்தாரே கூறியிருந்தார். மூன்றாம் நாள் காலை அணிவகுப்பில் அதிகாரி குழலின் வழியே வானத்தை நோக்கினார். உள்ளே செந்நிறப் புள்ளிகள். ‘சோம்பேறி மதராசி’ என்ற வசையோடு, முதுகில் மூட்டை சுமந்து ஏழு நாள் மைதானத்தைச் சுற்றி ஓடும் தண்டனை கிடைத்தது. எண்ணெய் போட்டால் போதும் என்ற அவில்தார் அன்று வாய் திறக்கவில்லை. பாட்டனார் தம் எண்பதாவது வயதிலும் இதைச் சொல்லும்போது குரல் தடித்துவிடும். துடைத்த குழலில், எண்ணெய் பூசிய குழலில், துரு எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகளாக அகப்பட்ட நூல்களையெல்லாம் புரட்டினேன். அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இச்சாப்பூருக்குச் செல்வோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வெடிமருந்துச் சாலை ஒன்றை நிறுவினர். 1791ஆம் ஆண்டு முதல் அதில் மருந்து தயாராயிற்று. வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, மரக்கரி பதினைந்து பங்கு, கந்தகம் பத்துப் பங்கு, இதுவே கருமருந்து. வெடியுப்புக்குக் கம்பெனியார் எங்கும் அலைய வேண்டியதில்லை. பீகாரின் மண்ணில் அது தானே பூத்தது. நுனியா என்னும் சாதியார் அம்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பெடுத்தனர். ஐரோப்பாவின் போர்களிற் பல பாட்னாவிலிருந்து கப்பலேறிய உப்பினால் நடந்தவை. கரிக்கு இந்தியாவில் துவரைச் செடியின் தண்டும் திருகுகள்ளியும் எரிக்கப்பட்டன. நம் வீட்டுச் சாம்பாருக்குப் பருப்பு தரும் அதே துவரை!

இந்தப் பல்தா மருந்துச் சாலையை நடத்தியவருள் ஜான் ஃபர்குஹார் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். கந்தல் உடையும் கஞ்ச வாழ்வுமாய்ப் பெரும் பொருள் சேர்த்து ஊர் திரும்பினார். 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஃபான்டில் மாளிகையை விலைக்கு வாங்கினார். மூன்றே ஆண்டுகளில் அம்மாளிகையின் வானளாவிய கோபுரம் இடிந்து வீழ்ந்தது. இது நம் பொருளுக்குப் புறம்பானதே. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே எஞ்சும். குழலெங்கும் கறுப்புப் பற்று ஒட்டிக்கொள்ளும். அப்பற்று ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே கருமருந்துக் காலத்துச் சிப்பாய் சுட்டு முடித்தவுடன் குழலை நீர் விட்டுக் கழுவினான்; வெந்நீராயின் மிக நன்று. கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் இட்டான். கறை கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலின் கழுவுவதும் தவறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் வரும் பிழைக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

மருந்துக்கு நெருப்பு மூட்டச் சிக்கிமுக்கிக் கல் பயன்பட்டது. கல் தட்டிய பொறி சில வேளை பற்றும். சில வேளை பற்றாது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் சிற்றூரின் பாதிரியார் அலெக்சாந்தர் ஃபார்சித் என்பவருக்கு நீர்ப்பறவை வேட்டையில் விருப்பம் மிகுதி. பொறி தெரிந்தவுடன் பறவைகள் பறந்துவிடுவது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. அடித்தவுடன் வெடிக்கும் கூட்டுப்பொருள் ஒன்றைக் கொண்டு சுடும் முறையைக் கண்டு 1807ஆம் ஆண்டு உரிமை பெற்றார். அக்கூட்டில் தலையாய சரக்கு பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பு. இன்று நம் அடுப்படியில் உள்ள தீக்குச்சியின் தலையில் இருப்பதும் அதுவே. பறவைக்காகப் பாதிரியார் செய்த இவ்வேலை உலகத்துப் போர்முறையையே மாற்றிற்று. செம்பினாற் செய்த சிறு தொப்பிக்குள் இம்மருந்தை அடைத்தனர், அதுதான் கேப். 1834ஆம் ஆண்டு ஊல்விச்சில் நடந்த சோதனையில் கல் துப்பாக்கிகள் ஆறாயிரம் முறையில் 922 முறை பொய்த்தன. கேப் துப்பாக்கிகள் பொய்த்தது 36 முறையே. இதற்கு மேல் எந்தத் தளபதிக்குச் சான்று வேண்டும்?

கேப் மருந்தில் பின்னர் பாதரச ஃபல்மினேட்டு, ஆண்டிமனி சல்பைடு முதலியன கலக்கப்பட்டன. கூட்டு மாறி மாறி வந்தபோதிலும் குளோரேட்டு மட்டும் நிலைத்து நின்றது. அதுவே நம் கதையின் கள்வன். அப்போது அவனை எவரும் ஐயுறவில்லை.

நிற்க. வண்டி இப்போது டம்டமில் நிற்கிறது. வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாக்கள் 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே பேசப்பட்ட விதமும், பாரக்பூரில் மார்ச்சு 29ஆம் நாள் மங்கள் பாண்டே எழுந்த விதமும், ஏப்ரல் 8ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டதும் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் உள்ளவை. தோட்டாவில் கொழுப்பு எதற்கு என்பதை மட்டும் பாடநூல்கள் சொல்வதில்லை. முன்வாய் வழியே குண்டை இடிக்கும் குழலில் கருமருந்தின் பற்று ஏறிவிட்டால் அடுத்த குண்டு இறங்காது. கொழுப்பு அப்பற்றை இளக்கி, குண்டு வழுக்கி இறங்க உதவிற்று, ஈரத்தையும் தடுத்தது. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் அவ்வேலையைச் செய்திருக்கும். அதனைக் காலத்தில் எண்ணாமற்போனதன் விளைவு யாவரும் அறிந்ததே. குழலின் அழுக்கு ஒரு பேரரசையே அசைத்த நிகழ்ச்சி இதுவன்றி வேறில்லை.

1884ஆம் ஆண்டு ஃபிரான்சில் பால் வியேல் என்பவர் புகையிலா மருந்தைக் கண்டார். 1886ஆம் ஆண்டு லெபெல் துப்பாக்கி அம்மருந்துடன் வந்தது. 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏபல், டீவர் என்னும் இரு வேதியியலார் கார்டைட்டுக்கு உரிமை பெற்றனர். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. பிசைந்து துளை வழியே பிழிந்தால் இடியாப்ப இழைபோல் வரும். அவ்விழைகளைக் கட்டாகச் சேர்த்துப் பித்தளைக் கூட்டில் செருகினர். .303 துப்பாக்கி 1888ஆம் ஆண்டு வந்தபோது கருமருந்தே அதற்கு உணவு. சில ஆண்டுகளில் கார்டைட்டு அவ்விடத்தைப் பிடித்தது.

இவ்விடத்தில் தமிழ்நாடு கதைக்குள் நுழைகிறது. இந்தியச் சேனைக்கு வேண்டிய கார்டைட்டைச் செய்ய நீலகிரியில் வெல்லிங்டனை அடுத்த அருவங்காடு தெரிந்தெடுக்கப்பட்டது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஆலை எழுந்தது. காட்டேரி நீர்வீழ்ச்சி அதற்கு மின்சாரம் தந்தது. அப்போது மலை இரயில் குன்னூரோடு நின்றிருந்தது. 1908ஆம் ஆண்டு உதகைக்கு நீண்டபோது அருவங்காடும் ஒரு நிலையம் ஆயிற்று. அதே 1904ஆம் ஆண்டில் இச்சாப்பூரில் பழைய மருந்துச் சாலை இருந்த இடத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. தோட்டாவோ பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869ஆம் ஆண்டிலேயே தொடங்கிய ஆலையில் உருவாயிற்று. நீலகிரி மருந்து, கிர்க்கித் தோட்டா, இச்சாப்பூர்க் குழல்! இம்மூன்றையும் இணைத்தது நம் இருப்புப் பாதை. இதைச் சற்றுப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

புகையிலா மருந்து வந்ததும் குழலில் கறுப்புப் பற்று மறைந்தது. சுட்டபின் நோக்கினால் சற்று மங்கிய பளபளப்பு. துணி ஒருமுறை சென்று வந்தால் கண்ணாடி. எதற்கு இனித் தண்ணீர்? இரும்புக்கும் நீருக்கும் பகையல்லவா? எண்ணெயே போதும் என்று பலர் எண்ணினர். பர்மாவின் நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெய் துப்பாக்கிக்காரர்களிடையே புகழ் பெற்றது. துடைத்தார்கள், பூசினார்கள், துரு முன்னிலும் கொடிதாய் வந்தது. காலையில் துடைத்த குழல் மறுநாள் ‘வியர்த்தது’ என்றே வேட்டைக்காரர் எழுதினர்.

காரணம் என்ன என்பதில் பலர் பலவாறு கூறினர். புகையிலா மருந்து நைட்ரிக அமிலத்தால் ஆக்கப்படுவது. ஆகவே எரிந்தபின் அமிலம் எஞ்சி இரும்பைத் தின்கிறது என்பதே பெரும்பாலோர் கொள்கை. அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டுமல்லவா? சலவைச் சோடாக் கரைசல், அம்மோனியாக் கரைசல் என்று பலவும் குழலில் ஊற்றப்பட்டன. விந்தை யாதெனில், அவை பலனும் அளித்தன. கொள்கை மெய்யென நிலைபெற இதைவிட என்ன வேண்டும்? பலன் அளித்தது சோடாவும் அன்று, அம்மோனியாவும் அன்று. அவற்றைக் கரைத்திருந்த தண்ணீர்! இன்றும் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா நீரைக் குழலில் பீய்ச்சி, அம்மோனியா உப்பை முறிக்கிறது என்று சொல்லும் துப்பாக்கிக்காரர் அயல்நாடுகளில் உளர். பழைய பிழைக்கு ஆயுள் நீளம்.

உண்மையை நிலைநாட்டியவர் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலார் வில்பர்ட் ஹஃப். எண்ணெய்ப் படலத்தின் கீழ் நேரும் அரிப்பைப் பற்றிய அவருடைய அறிக்கை 1922ஆம் ஆண்டு வெளிவந்தது. தலைப்பே பொருளைச் சொல்லிவிடுகிறது. சுட்ட குழலில் எஞ்சியதை ஆராய்ந்தபோது மருந்தின் அமிலம் குற்றவாளியாகத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவமே காணப்பட்டது; அது கேப்பிலிருந்து வந்தது. பொட்டாசியம் குளோரேட்டு வெடிக்கும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனை எரிவதற்குக் கொடுத்துவிடுகிறது. எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நாம் உண்ணும் கறியுப்பின் உடன்பிறந்தது எனலாம்.

இந்த உப்பு உலர்ந்த காற்றில் ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்துநான்கைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைந்து, இரும்பின் மேல் உப்பு நீராய் அமர்கிறது. இராஜபுதனத்துப் பாலையில் வாரக்கணக்கில் துருவாத குழல் வங்காளத்து ஆடி மாதத்தில் ஓரிரவில் துருவுவதன் காரணம் இதுவே. கருமருந்துக் காலத்திலும் இதே கேப், இதே உப்பு இருந்தன. ஆனால் அன்று பெருங்கசட்டோடு உப்பும் கலந்து கிடந்தது. கசட்டைக் கழுவிய நீர் உப்பையும் கொண்டுசென்றது. புகையிலா மருந்தில் கசடு இல்லை. ஆகவே கழுவலும் இல்லை. உப்பு மட்டும் தனியே தங்கிற்று.

எண்ணெய் ஏன் உதவவில்லை என்பதற்கு நம் வீட்டுப் பெண்டிர் வேதியியல் படிக்காமலே விடை சொல்வர். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் பிசிறிய கையோடு அரிவாள்மணையைத் தொட்டுவிட்டால், அதை எண்ணெய்த் துணியால் துடைத்து மூலையில் சாய்த்து வைப்பாரா? மாட்டார். முதலில் நீர் விட்டுக் கழுவுவார். அடுப்பருகே உலர வைப்பார். அதன் பிறகே ஒரு சொட்டு எண்ணெய் தடவுவார். எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெயின் கீழே உப்பு உயிரோடு கிடந்து, படலத்தினூடே மெல்ல நுழையும் ஈரத்தைக் குடித்து இரும்பைத் தின்னும். என் பாட்டனாரின் குழலில் நடந்தது இதுவே. அவருடைய எண்ணெய் உப்புக்குப் போர்வையாயிற்று.

ஆங்கிலச் சேனை இதை முற்றும் அறியாதது அன்று. குழலின் பின்வாயில் செருகும் புனல் வழியே கொதிநீர் ஊற்றுவதென்பது அவர்களிடம் வழங்கிய முறையே. கொதிநீருக்கு ஒரு நன்மை உண்டு: குழலைச் சுட வைப்பதால் எஞ்சிய ஈரம் தானே ஆவியாகிவிடும். துப்பாக்கிக் கட்டையின் அடியில் சிறு கதவு; அதனுள் எண்ணெய்ப் புட்டியும் புல்த்ரூ கயிறும். கயிற்றில் கோக்க நாலங்குலம் நீளமும் இரண்டங்குலம் அகலமும் உள்ள ஃபிளானல் துண்டு. நம் வடநாட்டுச் சிப்பாய்கள் அதனைச் ‘சிந்தி’ என்பர். முறை இருந்தது, ஏடும் இருந்தது. மழையிலும் இருட்டிலும் நூறு பேருக்கு வெந்நீர் போடச் சோம்பிய இடங்களில் எண்ணெய் போதும் என்றாயிற்று. தண்டனை மட்டும் சிப்பாய்க்கு.

உண்மை தெரிந்தபின் குளோரேட்டை உடனே விலக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கு ஈடாகப் பேரியம் நைட்ரேட்டை முயன்றனர். 1920களின் பிற்பகுதியில் ஈய ஸ்டிஃப்னேட்டும் டெட்ராசீனும் கலந்த துருவாக் கேப்கள் ஜெர்மனியில் வந்தன; அமெரிக்காவிலும் வேட்டைத் தோட்டாக்களில் துருவாக் கேப் பரவிற்று. சேனைகளோ அசையவில்லை. சேனையின் தோட்டா பத்தாண்டு, இருபதாண்டு கிடங்கில் கிடந்தபின் பனியிலும் வெயிலிலும் தவறாமல் வெடிக்க வேண்டும். குளோரேட்டு அவ்வுறுதியை மெய்ப்பித்திருந்தது; புதியவை அப்போது மெய்ப்பிக்கவில்லை. அமெரிக்கச் சேனை இரண்டாம் உலகப் போர் முழுவதும் தன் பெருந்துப்பாக்கிகளுக்குக் குளோரேட்டுக் கேப்பையே வைத்திருந்தது. நூற்றுக்கு 53 பங்கு அவ்வுப்பே. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிற்றான் மாறிற்று. எம்.1 கார்பைன் என்னும் சிறு துப்பாக்கிக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே துருவாக் கேப் தந்தனர். ஜப்பானியர் 99ஆம் வகை அரிசாக்கா துப்பாக்கியின் குழலுக்கு உள்ளே குரோமியம் பூசினர். ருசியரும் பின்னர் தம் கலாஷ்னிகாவ் துப்பாக்கிக்கு அவ்வாறே செய்தனர். உப்பை மாற்றாமல் இரும்புக்குக் கவசம் போட்ட வழி இது. எனக்கென்னவோ சேனைகள் முழுப்பிழை செய்ததாகத் தோன்றவில்லை. துருவிய குழலைக் கழுவலாம். வெடிக்காத தோட்டாவோடு எதிரியின் முன் நிற்க முடியுமா? ஆனால் அவ்வாறு முடிவு செய்தவர்கள் கழுவுவதற்கு நீரும் நேரமும் கொடுத்திருக்க வேண்டும்.

போர்கள் ஓய்ந்தபின் பழைய தோட்டாக்கள் மலைபோல் எஞ்சின. பல நாடுகளில் அவை மலிவு விலைக்கு விற்கப்பட்டு வேட்டைக்காரர், இலக்குச் சுடுவோர் கைகளுக்குச் சென்றன. சோவியத்துத் தோட்டாக்கள் பச்சை வண்ணத் தகரப் பெட்டிகளில் அடைபட்டு, எண்பதுகளில் செய்தவையும் இன்றளவும் புதுக்கருக்கு மாறாமல் திறக்கப்படுகின்றன. உள்ளே உள்ள கேப் பெரும்பாலும் பழைய குளோரேட்டே. எந்தத் தோட்டா அரிப்பது, எது அரிக்காதது என்று அறியும் கலை அந்நாடுகளில் ஒரு தனிக்கலையாயிற்று.

தோட்டாவின் அடியைத் திருப்பினால் எழுத்துகள் அடிக்கப்பட்டிருக்கும். செய்த ஆலை, செய்த ஆண்டு, சில வேளை வகை எண். கிர்க்கி ஆலையின் தோட்டா ‘கே.எஃப்.’ என்று காட்டும், ஏழாம் வகை.303இல் ஏழு என்னும் எண் ரோம எழுத்திலோ சாதாரண இலக்கமாகவோ இருக்கும். பின்னால் ‘இசட்’ எழுத்திருந்தால் உள்ளே கார்டைட்டுக்கு மாறாக நைட்ரோசெல்லுலோசு மருந்து. நம் இரயில்வேயில் மூடுபனிக் காலத்தில் தண்டவாளத்தில் பொருத்தும் வெடிகளிலும் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பழையதை முதலில் பயன்படுத்துக என்பது விதி. ஆண்டு பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததே. ஆனால் பெட்டியின் மேலுள்ள ஆண்டை நம்பலாகாது. பழைய தோட்டாவைப் புதுப் பெட்டியில் அடைத்தவர் உண்டு. ‘அரிக்காதது’ என்று ஒட்டிய சீட்டையும் முழுவதும் நம்பலாகாது.

கேப்பின் அமைப்பைக் கொண்டு முடிவு செய்வோரும் உளர். பெர்டன் முறையில் கூட்டின் அடியில் இரு சிறு துளைகள். பாக்சர் முறையில் நடுவே ஒன்று. பெர்டன் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கர் ஆங்கிலேயர் முறையையும், ஐரோப்பியர் அமெரிக்கர் முறையையும் மேற்கொண்டது வரலாற்றின் வேடிக்கை. அரிக்கும் பழந்தோட்டாக்களிற் பல பெர்டன் முறையின என்பது மெய். அதனால் பாக்சர் எல்லாம் தூயது என்று கொண்டால் மோசம் போவோம்; போர்க்கால அமெரிக்கத் தோட்டா பாக்சர் முறையே, அரிப்பதும் அதுவே. கேப்பின் விளிம்பில் பூசிய அரக்கின் நிறமும் அவ்வாறே. நிறத்துக்கும் உப்புக்கும் தொடர்பில்லை.

ஐயமற அறிய ஒரே வழி சோதனை. உரிமம் பெற்ற வல்லுநர் தோட்டாவின் குண்டையும் மருந்தையும் அகற்றிவிட்டு, கேப்பை மட்டும் துப்பாக்கியில் வெடித்து, அதன் புகை எண்ணெயற்ற தூய இரும்புத் தகட்டில் படுமாறு செய்வர். புகை படாத மற்றொரு தகட்டையும் அருகில் வைத்து ஈரக் காற்றில் சில நாள் விடுவர். முதல் தகடு மட்டும் சிவந்தால் வழக்கு முடிந்தது. இரண்டும் சிவந்தால் குற்றம் காற்றுடையது. மீண்டும் தொடங்க வேண்டும். இதனை நம் காலனியில் எவரும் முயல வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். நம் நாட்டில் .303 பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட அளவு. உரிமம் உள்ளோர்க்கும் இச்சாப்பூர்.315 போன்றவையே உரியன. பழைய தோட்டா எங்கேனும் கிடைத்தால் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்வதே முறை.

அரிக்கும் தோட்டா என்று தெரிந்தபின் அஞ்ச வேண்டியதில்லை. அன்றே, உறங்குமுன், வெந்நீர் ஊற்றுவர். குழலில் மட்டுமன்றி, கேப் புகை படும் பூட்டின் முகத்திலும். தானியங்கித் துப்பாக்கியில் புகையாற்றலால் இயங்கும் உருளை, தண்டு எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுவர். உப்பு அங்கேயும் செல்லும். உலர்ந்த துணி வெண்மையாக வெளிவரும் வரை இழுத்து, பின்னரே எண்ணெய். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒருமுறை நோக்குவர். சோப்பு நீர் நன்று. வெறும் நீரும் போதும். கடையில் விற்கும் உயர்ந்த எண்ணெய்கள் துருவைத் தடுக்கும் குணமுடையனவே. உப்பைக் கரைக்கும் குணம் நீர் கலவாத எண்ணெய்க்கு இல்லை.

1962ஆம் ஆண்டுக்குப் பின் இச்சாப்பூர் 7.62 மி.மீ. துப்பாக்கிக்கு மாறிற்று. சேனையிலிருந்து விலகிய .303 காவல் துறையில் நெடுநாள் வாழ்ந்தது. 2020ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் உத்தரப் பிரதேசக் காவலர் குடியரசு நாள் அணிவகுப்பில் அதற்கு விடை கொடுத்தனர். அச்செய்தியைப் படித்த அன்று பாட்டனார் உயிரோடு இல்லை.

தண்டனை முடிந்த எட்டாம் நாள், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆயுதப் பழுதுபார்ப்பவர் ஒருவர் அவரைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்றாராம். கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. “தம்பி, உப்பை எண்ணெயில் போட்டுப் பார்த்திருக்கிறாயா?” என்றார் அவர். “இல்லை அண்ணே.” “போட்டுப் பார், அப்படியே கிடக்கும்.” வேறொன்றும் கூறாமல் குழலில் நீரை ஊற்றிக் காட்டினார். அன்று முதல் பர்மா எல்லை வரை சென்று திரும்பிய அந்தத் துப்பாக்கியில் ஒரு புள்ளியும் ஏறவில்லை என்று பாட்டனார் சொல்வார். தீபாவளி முடிந்த மறுநாள், கேப் வெடித்துக் களித்த எங்கள் தகரத் துப்பாக்கிகளையெல்லாம் அவர் ஒன்றாகத் திரட்டி, முற்றத்தில் ஒரு சட்டி வெந்நீரில் போட்டுவிடுவார். அந்தக் கேப்பிலும் குளோரேட்டு உண்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. காப்பிக்கு வைத்த வெந்நீர் போயிற்றே என்று பாட்டி சத்தமிடுவார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, வெயிலில் வரிசையாக அடுக்குவார்.